வெண்பனியில் எண்ணப்பட்டவை

ஐரோப்பாவின் மலைக்காடுகளில் ஓநாய், லின்க்ஸ் முதலான விலங்குகளின் தடம் தேடக் குளிர்காலத்தில் தன்னார்வலர்களை அழைத்துச் செல்லும் குழுக்கள் இன்று பல உள்ளன. பெயரைப் பதிவு செய்தவருக்குப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பாக ஒரு பட்டியல் வந்து சேரும். உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளி, அதற்கும் மேல் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் அங்கி, முழங்கால்வரை உயர்ந்து பனி உள்ளே புகாமல் காக்கும் காலுறை, இரண்டு இணைக் கையுறைகள். ஓரிடத்தில் மட்டும் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: பருத்தி வேண்டாம். பருத்தியைக் கொண்டாடும் நிலத்திலிருந்து போகிறவருக்கு இது சற்று மனக்குறை தரும் வரிதான். ஆனால் காரணம் எளிது. நம் ஊரில் வியர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிர்விக்கும் அதே நற்குணம், பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து பாகையில் ஆளைக் கொன்றுவிடக்கூடியது. நடக்கும்போது வியர்த்து, நின்று தடத்தை அளக்கும்போது அந்த ஈரம் உறையத் தொடங்கும். குளிர்காலக் காட்டில் ஆபத்து நடப்பதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. தடம் பார்ப்பவரோ பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருக்கவேண்டும்.

இன்னும் சில நுணுக்கங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. தண்ணீர்க் குப்பியைத் தலைகீழாக வைக்கவேண்டும். நீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும் என்பதால் மூடிப்பக்கம் அடைபடாமல் இருக்கும். மின்கலங்களைச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். பட்டியலின் அடியில், யாரும் பெரிதாகக் கவனிக்காத மூன்று பொருள்கள்: ஓர் அளவுகோல், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில். மை உறைந்துவிடும், பென்சில் உறையாது.

கம்பளிக்கும் காலணிக்கும் கடைக்காரர் வழி சொல்லிவிடுவார். அளவுகோலும் குறிப்பேடும் பென்சிலும் எதற்காக என்பதைச் சொல்ல ஒரு நூற்றாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்த வரலாற்றில் அறிவியல் உண்டு, கொலை உண்டு, ஓர் அரசாங்கமே நம்பிய பொய்க்கணக்கும் உண்டு.

*

முதலில் சொல்லைப் பற்றி. நம்மிடம் இருப்பது பனி என்ற ஒரே சொல். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி, இமயத்தில் மூடிக்கிடப்பதும் பனி. ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்த மொழி இது, ஆனால் அந்தப் பனி தலையை நனைக்கும் பனி, காலைப் புதைக்கும் பனி அன்று. 'வெண்பனி', 'உறைபனி' என்று அடைமொழி சேர்த்துச் சமாளிக்கிறோம். பனியைக் காணாத மக்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

ரஷ்ய வேட்டைக்காரர்களுக்குத் தேவைப்பட்டது. இரவில் பெய்து விடியுமுன் நின்றுவிட்ட புதுப்பனியை அவர்கள் 'போரோஷா' என்கிறார்கள். அன்று காலையில் காணும் ஒவ்வொரு தடமும் அந்த இரவின் தடம், வேறு எதுவும் கலந்திருக்க வழியில்லை. பகலில் உருகி இரவில் இறுகிப் பொருக்காகிவிட்ட மேற்பரப்பு 'நாஸ்த்'. அதன்மேல் ஓநாய் ஓடும், மூஸ் மானின் குளம்போ அதை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். மரக்கிளைகளில் படிந்து கனத்துத் தொங்கும் பனி 'குஹ்தா'. இவை கவிஞர்கள் ஆக்கிய சொற்கள் அல்ல. எந்த நாளில் வேட்டைக்குப் போகலாம், எந்த நாளில் போவது வீண் என்பதைத் தீர்மானிக்கும் தொழிற்சொற்கள்.

இச்சொற்களைக் காட்டிலிருந்து எடுத்து விலங்கியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அலெக்சாந்தர் ஃபொர்மோசொவ் (1899–1973). விலங்கியலாளர், கூடவே நல்ல ஓவியர். 1936இல் அவர் எழுதிய 'தடம் தேடுவோனின் துணைவன்' என்ற நூலில் முயலும் நரியும் அணிலும் பனியில் விட்டுச்சென்ற சுவடுகளை அவரே வரைந்திருக்கிறார். ஒரு தலைமுறை ரஷ்யச் சிறுவர்கள் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு காட்டோரத்தில் அலைந்தார்கள். 1946இல் வெளியான அவருடைய இன்னொரு நூல், பனிப்போர்வை என்பது விலங்குகளின் வாழ்வில் வெறும் பின்னணி அன்று, உணவையும் எதிரியையும் போலவே அதுவும் உயிரைத் தீர்மானிக்கும் ஒரு சக்தி என்று நிறுவியது. ஆழ்ந்த பனியைத் தாங்காதவை, தாக்குப்பிடிப்பவை, அதற்கென்றே உடலமைந்தவை என்று உயிர்களை அவர் மூன்றாகப் பிரித்தார். அகன்ற, மயிரடர்ந்த பாதம் கொண்ட லின்க்ஸ் பனியின் மேலே நடக்கிறது. ஒல்லிக் கால்களில் உடல் முழுதையும் தாங்கும் காட்டுப்பன்றி பனியில் வயிறு உரச உழுதுகொண்டு போகிறது. எலிகளுக்கோ பனி ஒரு கூரை. அதற்கும் மண்ணுக்கும் இடையிலான சிறு இடைவெளியில், மேலே எத்தனை குளிர் என்பதே தெரியாமல் அவை குளிர்காலத்தைக் கழித்துவிடுகின்றன.

*

பனியை வாசிக்கும் இந்த அறிவு விலங்கியலாளர்களுடையது அன்று என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல ஒரு பெயர் போதும்: தெர்சு உசாலா. அகிரா குரோசாவா 1975இல் எடுத்த படத்தைத் திரைப்படச் சங்கங்களில் பார்த்தவர்கள் நம்மிடையே நிறைய. படத்துக்கு மூலம் விளாதிமிர் அர்சேனியெவ் என்ற ரஷ்ய ராணுவ நிலவரைவாளரின் பயண நூல்கள். ரஷ்யாவின் தூரகிழக்கில், பசிபிக் கடலை ஒட்டிய உசூரி நிலப்பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பல பயணங்கள் மேற்கொண்டார். அவருக்கு வழிகாட்டியாக வந்தவர் தெர்சு, அக்காலத்தில் கோல்டு என்று அழைக்கப்பட்ட நானாய் இனத்து வேட்டைக்காரர்.

ஹன்கா ஏரிக்கரைச் சதுப்பில் பனிப்புயலில் இருவரும் சிக்கிக்கொள்ளும் கட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கும். மரமில்லை, விறகில்லை. பொழுது சாய்கிறது. தெர்சு புல்லை அறுக்கத் தொடங்குகிறார், அதிகாரியையும் அறுக்கச் சொல்கிறார். அந்தப் புற்குவியலுக்குள் இரவைக் கழித்து இருவரும் பிழைக்கிறார்கள். நூலில் இது 1902இல் நடப்பதாக வருகிறது. ஆனால் அர்சேனியெவின் நாட்குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், தெர்சுவை அவர் சந்தித்தது 1906இல்தான் என்கிறார்கள். அப்படியானால் நாம் வாசிக்கும் தெர்சு, அந்த ஒரு மனிதரோடு அர்சேனியெவுக்கு வழிகாட்டிய வேறு சிலரும் சேர்ந்த உருவம் என்று ஆகிறது. எனக்கு இதில் ஏமாற்றம் ஏதும் இல்லை. வரைபடங்களில் பெயர் இடம்பெறாத பலருடைய அறிவு ஒரு பெயருக்குள்ளாவது வந்து சேர்ந்ததே. தெர்சு 1908இல் கபரோவ்ஸ்க் நகருக்கு அருகே கொல்லப்பட்டார்.

சைபீரிய, உசூரி வேட்டைக்காரர்கள் பனியில் செல்லப் பயன்படுத்திய ஸ்கீ கட்டைகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அடிப்புறத்தில் மூஸ், மான் போன்றவற்றின் கால்தோலை மயிரோடு ஒட்டியிருப்பார்கள். மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், மேட்டில் ஏறும்போது பின்னே சரியாது. ஓசையும் எழாது. இன்று மலையேற்றக்காரர்கள் கட்டைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும் செயற்கைத் தோலின் மூதாதை இதுவே.

*

தெர்சு அலைந்த அதே சிகோத்தே-அலின் மலைத்தொடரில் 1935இல் ஒரு காப்புக்காடு நிறுவப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே வந்து சேர்ந்தவர் லெவ் கப்லானொவ் (1910–1943). அப்போது அமூர்ப் புலியைப் பற்றி அச்சிலிருந்தவை பெரும்பாலும் வேட்டைக்கதைகள். எத்தனை புலிகள் மிஞ்சியிருக்கின்றன என்று கேட்டால் ஆளுக்கு ஓர் எண் சொன்னார்கள். தோலுக்காகவும் எலும்புக்காகவும் சுட்டார்கள், விலங்குக்காட்சி சாலைகளுக்காகக் குட்டிகளை உயிரோடு பிடித்தார்கள்.

கப்லானொவ் செய்தது அதுவரை யாரும் செய்யாதது. புலியைத் தேடிப் போகவில்லை, புலி போன வழியில் போனார். பல குளிர்காலங்களில், ஸ்கீயில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் புலித்தடங்களைத் தொடர்ந்திருக்கிறார். புலி எங்கே படுத்தது, எங்கே திரும்பி நின்று பார்த்தது, எந்த மேட்டில் பதுங்கிப் பாய்ந்தது, பாய்ச்சல் தவறியபின் எத்தனை அடி எடுத்து வைத்து நின்றது என்பதெல்லாம் பனியில் இருந்தன. காட்டுப்பன்றியும் செம்மானுமே அதன் முக்கிய இரைகள் என்பதைக் கண்டார். ஒரே புலி தனக்கென வைத்திருக்கும் நீண்ட பாதைகளில் திரும்பத் திரும்பச் செல்வதையும் கண்டார். ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு நாள் இடைவெளியில் தென்படும் இரண்டு தடங்கள் இரண்டு புலிகளாக இருக்கவேண்டியதில்லை என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. இன்று இது எளிதாகத் தோன்றலாம். இந்த ஓர் உண்மையை மறந்ததால் என்னவெல்லாம் நேர்ந்தன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1939–40 குளிர்காலத்தை ஒட்டி அவர் வந்தடைந்த எண், சோவியத் தூரகிழக்கு முழுவதிலும் இருபதிலிருந்து முப்பது புலிகள். அவ்வளவுதான். வேட்டைக்கு முழுத்தடை வேண்டும் என்று அவர் கேட்டார்.

உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். தெற்கே இருந்த இன்னொரு காப்புக்காட்டுக்கு அவர் இயக்குநராக அனுப்பப்பட்டார். 1943 மே மாதம் அங்கே கள்ள வேட்டைக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அமூர்ப் புலியைச் சுடுவதற்கு அரசு 1947இல் தடை விதித்தது. அவருடைய ஆய்வு 'புலி, செம்மான், மூஸ்' என்ற நூலாக 1948இல் வந்தது. அவர் கொல்லப்பட்ட காப்புக்காடு இன்று லாசோ காப்புக்காடு என்ற பெயரில் இருக்கிறது, அவருடைய பெயரையும் சேர்த்துத் தாங்கியபடி.

*

கப்லானொவைப் போல ஒவ்வொரு விலங்கின் பின்னாலும் ஒரு மனிதர் நடக்கமுடியாது. முயலையும் நரியையும் எண்ணுவது எப்படி? இதற்கு ஃபொர்மோசொவ் 1932இலேயே ஒரு வழி சொல்லியிருந்தார். காட்டின் குறுக்கே ஒரு நேர்கோட்டில் நடக்கவேண்டும், கோட்டைக் கடந்துபோன புதிய தடங்களை எண்ணவேண்டும். நிறைய விலங்குகள் இருந்தால் நிறையத் தடங்கள் கடக்கும். ஆனால் குறைவான விலங்குகள் நாளெல்லாம் அலைந்தாலும் நிறையத் தடங்கள் கடக்கும். ஆகவே ஒரு விலங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதும் தெரியவேண்டும். பின்னால் மாலிஷெவ், பெரெலெஷின் ஆகியோர் இதைத் திருத்தி 1.57 என்ற ஒரு பெருக்கெண்ணைச் சேர்த்தார்கள். சூத்திரம் மூவர் பெயராலும் வழங்குகிறது.

அந்த 1.57 எங்கிருந்து வந்தது? அது வட்டத்தின் மாறிலியான 'பை'யில் பாதி. கோடு போட்ட தரையில் ஊசிகளை எறிந்தால் எத்தனை ஊசிகள் கோட்டின்மேல் விழும் என்று பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1777இல் வெளியிட்ட ஒரு புதிருக்குள்ளும் இதே கணிதம்தான் இருக்கிறது. விலங்கின் பாதை ஊசி, நம் நடை கோடு. பாரிஸில் ஒரு பிரபு விளையாட்டாக வைத்த கேள்வி, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ரஷ்யக் காட்டு முயலை எண்ண உதவியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோமீட்டர் நடையில் 10 முயல் தடங்கள் குறுக்கே கிடக்கின்றன. அங்குள்ள முயல் நாளுக்கு 2 கிலோமீட்டர் நடக்கிறது என்று கொண்டால், 100 சதுர கிலோமீட்டர் காட்டில் ஏறத்தாழ 78 முயல்கள். முயல் 1 கிலோமீட்டர்தான் நடக்கிறது என்று கொண்டால் அதே தடங்களிலிருந்து 157 முயல்கள் கிடைத்துவிடும்! தடங்கள் மாறவில்லை, காடும் மாறவில்லை. நாம் அனுமானித்த ஒரே ஓர் எண்ணை மாற்றியதும் முயல்கள் இருமடங்காகிவிட்டன. இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் யாரும் தடம் எண்ணக் காட்டுக்குள் போகக்கூடாது என்பேன்.

இன்னொரு சிக்கல், எந்தத் தடம் புதியது என்பது. நேற்றையதும் அதற்கு முந்தைய நாளையதும் சேர்ந்தே கிடக்கும். ரஷ்யாவில் வழக்கத்துக்கு வந்த தீர்வு மிக எளிமையானது. முதல் நாள் பாதை நெடுக நடந்து, குறுக்கிட்ட எல்லாத் தடங்களையும் அழித்துவிடுவது. மறுநாள் அதே பாதையில் நடந்து, புதிதாக முளைத்தவற்றை மட்டும் எண்ணுவது. முதல் நாள் உழைப்பு முழுவதும் அழிப்பதற்கே. வெளிநாட்டிலிருந்து ஆவலோடு வரும் தன்னார்வலருக்கு அந்த முதல் நாள் பொறுமையைச் சோதிப்பதாகவே இருக்கும்.

*

சம்பளம் வாங்காமல் குளிரில் நின்று எண்ணும் வழக்கத்துக்கும் வயதாகிவிட்டது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று இரு அணிகளாகப் பிரிந்து கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் சுட்டு, எந்த அணி அதிகம் சுட்டது என்று பார்க்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதற்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900இல் அழைத்தார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அது இன்றளவும் நடக்கிறது.

பனித்தடத்துக்கு இதற்கு ஈடான மக்கள் முயற்சி ஃபின்லாந்தில் 1980களின் இறுதியில் தொடங்கியது. காட்டுக்குள் பக்கத்துக்கு 4 கிலோமீட்டராக ஒரு சமபக்க முக்கோணம், மொத்தம் 12 கிலோமீட்டர் நடை. ஆண்டுதோறும் அதே முக்கோணம். நாடெங்கும் இப்படி நூற்றுக்கணக்கில் வகுத்தார்கள். நடப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் வேட்டைச் சங்கத்தார். முக்கோணம் ஏன்? நேர்கோட்டில் 12 கிலோமீட்டர் நடந்தால் திரும்பி வர இன்னொரு 12 கிலோமீட்டர் ஆகும், முக்கோணத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். மனிதர் பிடிக்கும் பாதை, விலங்கு விரும்பும் பாதை என்று தேர்ந்துகொள்ளும் சலுகையும் அதில் கிடையாது. புதரோ சரிவோ, கோடு எங்கே போகிறதோ அங்கே நடக்கவேண்டும். நல்ல தடம் கிடைக்கும் இடத்துக்கே எல்லாரும் போனால் காடு முழுவதும் விலங்கு நிறைந்திருப்பதாகத் தோன்றும் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு இது.

புலிக்குத் திரும்பினால், 1996இல் ரஷ்யத் தூரகிழக்கு முழுவதிலும் ஒரே சமயத்தில் ஒரு பெரும் கணக்கெடுப்பு நடந்தது. நடந்தவர்களில் உள்ளூர் வேட்டைக்காரர்களும் வனப்பணியாளர்களும் மிகுதி. முன்காலின் நடுத்திண்டு அகலம் 10.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அது வளர்ந்த ஆண்புலி. அளவுகோலின் வேலை இதுதான். கிடைத்த விடை 415 முதல் 476 வரை. 2005இல் 428 முதல் 502 வரை, 2015இல் 523 முதல் 540 வரை. இவற்றில் நிபுணர்களின் ஊகத்துக்கும் பங்குண்டு என்ற விமரிசனம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. இருந்தாலும் இருபதும் முப்பதுமாக இருந்தவை இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

*

இப்போது நம் நாட்டுக்கு வரலாம். பனியில்லாத காட்டில் மண்ணும் புழுதியும்தான் தாள். ஒடிசா வனத்துறையைச் சேர்ந்த சரோஜ் ராஜ் சவுத்ரி 1960களில் ஒரு முறையை உருவாக்கினார். புலியின் இடது பின்காலடித் தடத்தின்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து அதன் உருவை வரைந்துகொள்வது, சுண்ணச்சாந்தில் வார்ப்பெடுப்பது, பின் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காண்பது. 1972இல் இம்முறையில் நாடு முழுதும் எண்ணி 1827 புலிகள் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய புலித் திட்டத்துக்கு அந்த எண் உந்துதல் தந்தது. அந்த வகையில் அது நன்மையே செய்தது.

ஆனால் முறையின் அடிப்படையில் ஓட்டை இருந்தது. ஒரே புலி ஈரமணலில் ஒரு தடத்தையும் இறுகிய களிமண்ணில் வேறொரு தடத்தையும் பதிக்கிறது. வரைகிற கையும் ஆளுக்கு ஆள் மாறும். உல்லாஸ் காரந்த் 1980களில் ஒரு சோதனை செய்தார். கூண்டிலிருந்த நான்கே புலிகளின் தடங்களை வரைந்து, அவை எத்தனை புலிகளுடையவை என்று அனுபவமிக்க வன அலுவலர்களிடம் கேட்டார். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை, எல்லாருமே கூட்டித்தான் சொன்னார்கள். காரந்த் பின்னர் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு, உடல்வரிகளால் புலியை அடையாளம் காணும் முறையை நாகரஹொளெயில் செய்து காட்டினார். 1995இல் அது ஆய்வேட்டில் வெளியாயிற்று. ஆனாலும் கண்ணாடித் தகடும் சுண்ணச்சாந்தும் அரசாங்க முறையாக நீடித்தன.

பின் 2005 வந்தது. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் முந்தைய ஆண்டுக் கணக்கின்படி பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருந்தன. காட்டில் ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டையில் எல்லாமே போய்விட்டிருந்தன. ஏட்டில் மட்டும் அவை ஆண்டுதோறும் எண்ணப்பட்டு உயிரோடு இருந்தன. எண்ணிக்கை குறைந்தால் அதிகாரி பதில் சொல்லவேண்டும், குறையாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அப்படியொரு ஏற்பாட்டில் கீழ்நிலைக் காவலர் வேறு என்ன எழுதுவார்? மத்திய அரசு அமைத்த குழு அவ்வாண்டே அறிக்கை தந்தது, எண்ணும் முறை மாற்றப்பட்டது. 2001–02 கணக்கில் 3642 ஆக இருந்த இந்தியப் புலிகள், புதிய முறையின் விடை 2008இல் வெளியானபோது 1411 ஆயின. இரண்டும் வேறுவேறு முறைகளில் வந்த எண்கள் என்பதால் நேரடியாகக் கழித்துப் பார்ப்பது முறையாகாது. 2022 கணக்கெடுப்பின் மதிப்பீடு 3682. இதில் கேமராப் படங்களின் பங்கு பெரிது.

கப்லானொவின் எண்ணையும் சரிஸ்காவின் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். முப்பது என்று எழுதியது ஒரு காட்டில் எவருக்கும் இனிக்காத செய்தி, அதை எழுதியவர் அதன் பொருளை முழுதாக அறிந்தே எழுதினார். பதினைந்துக்கு மேல் என்று எழுதியது எல்லாருக்கும் நிம்மதியளித்தது. முதல் எண் புலிக்குச் சட்டக் காவல் கேட்டது. இரண்டாவது எண், காவல் தேவைப்பட்ட நேரத்தில் தேவையே இல்லை என்று நம்பவைத்தது. இரண்டும் காலடித் தடத்திலிருந்து வந்தவைதான்.

*

ஐரோப்பிய ஓநாய்க்கும் இது பொருந்தும். ஸ்லோவாக்கியாவில் நெடுங்காலமாக ஓநாய்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு வேட்டைப்பகுதியினரும் தத்தம் எல்லைக்குள் கண்டதை எழுதி அனுப்பும் கணக்கிலிருந்து பெறப்பட்டது. ஒரு ஓநாய்க் கூட்டம் நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் அலைவது. நான்கு வேட்டைப்பகுதிகளில் அதே கூட்டம் தடம் பதித்தால் ஏட்டில் நான்கு கூட்டங்கள். அந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் எத்தனையைச் சுடலாம் என்பதும் பேசப்பட்டது. (2021இல் அங்கே ஓநாய்க்கு ஆண்டு முழுவதுக்குமான பாதுகாப்பு வந்தது.) தன்னார்வலர்கள் பனியில் ஒரே சமயத்தில் பல பள்ளத்தாக்குகளில் நடந்து, தடத்தோடு எச்சத்தையும் சேகரித்து மரபணுச் சோதனைக்கு அனுப்பும் முயற்சிகள் இந்த இரட்டை எண்ணிக்கையைக் களையும் நோக்கத்தோடு எழுந்தவை. 2024 டிசம்பரில் பெர்ன் ஒப்பந்த நாடுகள் ஓநாயைக் கடும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஒருபடி கீழே இறக்க வாக்களித்தன, 2025 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இனி ஒவ்வொரு நாட்டிலும் எண்ணைப் பற்றிய வாக்குவாதம் கூடத்தான் செய்யும்.

ஆகவே புறப்படுமுன் பழகவேண்டியவை என்று சிலவற்றைச் சொல்லலாம். ஓநாய்கள் பனியில் வரிசையாக, முன்னது வைத்த அடியிலேயே பின்னதும் அடி வைத்துப் போகும். ஏழு ஓநாய்கள் போன வழி ஒற்றை ஓநாயின் வழியாகத் தெரியும். வளைவிலோ ஓய்வெடுத்த இடத்திலோ அவை பிரியும்வரை தொடர்ந்து நடந்தால்தான் எண் தெரியும். பிரியாவிட்டால் 'குறைந்தது ஒன்று' என்று எழுதவேண்டுமே தவிர ஊகித்து எழுதலாகாது. புதிய தடத்தை விலங்கு போன திசையில் தொடரக்கூடாது, வந்த திசையில் பின்னோக்கித் தொடரவேண்டும். குளிரில் அது சேமித்து வைத்திருக்கும் வலுவை நம் ஆர்வத்துக்காக ஓடிச் செலவழிக்க வைப்பது தகாது. முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போகும் இந்த வாசிப்பு நாவல் வாசகருக்குப் புதிதல்ல. வெயில் பட்ட தடத்தை நம்பவே கூடாது. உருகும் தடம் விரியும், நாய் ஓநாயாகும். எரிக் ஷிப்டன் 1951இல் மென்லுங் பனியாற்றில் படம்பிடித்த புகழ்பெற்ற 'எட்டி' காலடியைக்கூட, உருகி விரிந்த சாதாரணத் தடம் என்று விளக்குவோர் உண்டு. அவர் அருகே பனிக்கோடரியை வைத்துப் படமெடுத்திருந்தார். அளவு சரியாகத்தான் பதிவாயிற்று, எதன் அளவு என்பதுதான் இன்றுவரை வழக்கு.

பனியும் முன்போல் இல்லை. ஃபின்லாந்தின் தென்பகுதியில் போதிய பனி விழாத குளிர்காலங்களில் முக்கோணங்கள் நடக்கப்படாமலே போகின்றன. 'போரோஷா' என்ற சொல் தெரிந்த கிழவர்கள் இருக்கும் ஊர்களில் அந்தக் காலைகள் அரிதாகி வருகின்றன.

இன்றைய கணக்கெடுப்புப் படிவங்களில் பல, நடந்த தூரம், புறப்பட்ட நேரம், கடைசியாகப் பனி பெய்து எத்தனை மணிநேரம் ஆயிற்று என்பனவற்றை முதலில் கேட்கின்றன, தடங்களுக்கான கட்டம் அதற்குப் பிறகே வருகிறது. பத்து மணிநேரம் நடந்து எதையும் காணாதவரும் தாளைத் திருப்பிக் கொடுத்தாகவேண்டும், அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதி.